ப்ராஸஸருக்கு ஜாதகம்

சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன் என்று ஒருவன் ஆபீஸ் கேன்டீனில் வாயைத் திறந்தால் போதும். சுற்றி நிற்கும் நாலு பேரும் கேட்கிற முதல் கேள்வி, ‘‘என்ன ப்ராஸஸர்?’’ (வீட்டில் அப்பா கேட்கும் முதல் கேள்வி வேறு. ‘‘எவ்வளவு ஆகும்?’’) பெண் வீட்டார் ‘பையன் எங்கே வேலை பார்க்கிறான்?’ என்று விசாரிக்கிற தோரணைதான். ‘ஐ-9’ என்றால் சபையில் ஒரு மரியாதை. ‘ஐ-3’ என்றால், ‘‘அப்படியா... பரவாயில்லை, போகப் போகச் சரியாயிடும்’’ என்று ஓர் அனுதாபம்.

நம்பரைப் பார்த்து மயங்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2013-ல் இன்டெல் விட்ட ஐ-7 4770 அன்றைக்குப் பெரிய மனுஷன். நாலு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ-3 12100-க்கும் அதே நாலு கோர், அதே எட்டு த்ரெட். ஓடவிட்டுப் பார்த்தால் இந்தப் பொடியன் அந்தப் பெரியவரைச் சுலபமாக முந்திவிடுவான். ஐ-3, ஐ-5, ஐ-7 என்பதெல்லாம் வகுப்பில் வாங்குகிற ரேங்க் மாதிரி. அந்த வருஷத்து செட்டுக்குள்தான் செல்லுபடியாகும். பழைய சாமான் விற்பவர் ‘‘ஐ-7 சார், ஐ-7!’’ என்று அழைத்தால், ‘‘எத்தனையாவது தலைமுறை?’’ என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சுருதி இறங்கும்.

*

சரி, கேம் ஓடும்போது ப்ராஸஸருக்கு என்னதான் வேலை?

ஒரு டிபன் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டேபிளில் ஆர்டர் எடுத்து உள்ளே குரல் கொடுப்பவர் ப்ராஸஸர். எதிரி எங்கே நிற்கிறான், நீங்கள் சுட்ட குண்டு அவன் மேல் பட்டதா, கார் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற கணக்கையெல்லாம் போட்டு, ‘இதை வரை’ என்று உத்தரவு போடுவது அவர். கல்லுக்கு முன்னால் நின்று தோசை வார்க்கும் மாஸ்டர், கிராபிக்ஸ் கார்டு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வண்ணம் பூசுவது அவர் பொறுப்பு. சூடு ஆறாமல் டேபிளுக்குக் கொண்டுவரும் சர்வர், மானிட்டர்.

ஆர்டர் எடுப்பவர் இருநூறு தோசைக்குக் குரல் கொடுக்கலாம். கல்லில் அறுபதுதான் வேகும் என்றால் உங்கள் இலைக்கு வருவது அறுபதுதான். மாஸ்டர் அசகாய சூரராக நூறு வார்த்தாலும், சர்வர் அறுபதுதான் தூக்குவார் என்றால் மிச்ச நாற்பது உள்ளேயே ஆறிப்போகும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வினாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். அதற்கு மேல் எத்தனை ஃப்ரேம் தயாரானாலும் முழுசாகக் கண்ணுக்கு வராது. (மவுஸ் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும் என்று வாதாடுபவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அது ஊறுகாய், சாப்பாடு இல்லை.)

அடுத்தது தோசையின் அளவு. 1920-க்கு 1080 என்ற சாதாரண மானிட்டரில் புள்ளிகள் 20,73,600. 4கே மானிட்டரில் 82,94,400. சரியாக நாலு மடங்கு. அதாவது ஃபேமிலி ரோஸ்ட்! மாஸ்டர் அதை வார்த்து எடுப்பதற்குள் ஆர்டர் எடுப்பவர் ஒரு பீடாவே போட்டு முடித்துவிடுவார். 4கே-யில் ஆடுகிறவருக்குச் சுமாரான ப்ராஸஸருக்கும் உயர்ந்த ப்ராஸஸருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாமல் போவது இதனால்தான். அதுவே சின்ன செட் தோசையாகக் கேட்டால் கல்லிலிருந்து மளமளவென்று விழும், ஆர்டர்காரருக்கு மூச்சு வாங்கும்.

இங்கேதான் ஒரு தொழில் ரகசியம். ப்ராஸஸர்களை ஒப்பிட்டு விமர்சனம் எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே 1080 மானிட்டரில், இருப்பதிலேயே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் போட்டுச் சோதிப்பார்கள். தோசைக்கல் குறுக்கே நிற்காமல் ஆர்டர்காரரின் தொண்டை பலம் மட்டும் தெரிய வேண்டுமே! சோதனை என்ற அளவில் அது நியாயம். ஆனால் பட்டையும் கோடுமாக அவர்கள் போடும் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கார்டின் விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கார்டு வாங்கப் போகிறவர் ‘எனக்கும் அந்த வேகம் வரும்’ என்று நம்பினால், அவருக்காகப் பிரார்த்தனைதான் செய்ய முடியும்.

*

என் மச்சினன் ஒரு தனியார் ஆபீஸில் இருக்கிறான். மாசம் 4,000 வீதம் இருபது மாசச் சீட்டு. நடுவில் தள்ளி எடுக்காமல் கடைசி வரை காத்திருந்து 80,000 ரூபாயை முழுசாக வாங்கியவன். இருபது மாசம் டீக்கடை பக்கம்கூடக் கணக்குப் பார்த்துத்தான் போனான் என்று அவன் அக்காவுக்குத் தெரியும். அந்தப் பணத்தில்தான் கம்ப்யூட்டர். கொட்டேஷனை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

‘‘மாமா, ரைசன் 7 9800 எக்ஸ்3டி. கேமிங்குக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்லை!’’

கொட்டேஷனில் ஏறக்குறைய பாதித் தொகை அந்த ஒற்றை வரிக்கே போயிருந்தது. கிராபிக்ஸ் கார்டு என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு.

‘‘கார்டு எங்கடா?’’

‘‘அது அப்புறம் போட்டுக்கலாம் மாமா. இதுலயே சின்னதா ஒரு கிராபிக்ஸ் இருக்கு.’’

நாதஸ்வர வித்வானைக் கச்சேரிக்கு அழைத்து வந்து கையில் திருவிழா பீப்பியைக் கொடுத்த மாதிரி! அதில் இருப்பது திரையில் படம் தெரிவதற்கான குட்டி கிராபிக்ஸ். பெரிய கேமை அது இழுக்காது.

‘‘மானிட்டர்?’’

‘‘ஃப்ரெண்டு ஒருத்தன் பழசு தர்றான். அறுபது ஹெர்ட்ஸ்.’’

‘‘என்னென்ன ஆடப் போறே?’’

‘‘ராத்திரி பசங்களோட வேலொரன்ட். அப்புறம் சைபர்பங்க் 2077.’’

பி.காம். படித்ததில் எனக்கு இன்றும் உபயோகப்படுகிற சமாசாரங்களில் ஒன்று, காஸ்ட் அக்கவுண்டிங்கில் வரும் ‘கீ ஃபாக்டர்’. ஒரு தொழிற்சாலையில் எது தட்டுப்பாடோ, அதாவது மெஷின் நேரமோ, கச்சாப் பொருளோ, விற்பனையோ, அதுதான் கீ ஃபாக்டர். பட்ஜெட்டை அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மற்ற இடங்களில் எவ்வளவு கொட்டினாலும் உற்பத்தி ஒரு இம்மி கூடாது, பணம்தான் முடங்கும். பாடப் புத்தகத்தில் இதற்கு உதாரணம் லேத் மெஷின். எனக்குக் கிடைத்த உதாரணம் மச்சினன்.

அவனுக்குக் கீ ஃபாக்டர், முதலில் இல்லாத கார்டு. இரண்டாவது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். முதலில் மானிட்டர், அதற்கேற்ற கார்டு, அந்தக் கார்டைக் காக்க வைக்காத ப்ராஸஸர். கேமிங்குக்கு என்றால், ப்ராஸஸருக்கு ஒரு பங்கு, கார்டுக்கு இரண்டு பங்கு என்பது கையிருப்பு குறைந்தவர்களுக்கு ஒரு நல்ல குத்துமதிப்பு. கடைசியில் முடிவானது ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட். கூலரும் டப்பாவிலேயே வருவதால் அந்தச் செலவும் மிச்சம். கொட்டேஷனில் கோடு போட்டிருந்த இடத்தில் ஒரு நிஜமான கார்டின் பெயர் வந்தது.

அப்போதும் அவன் முகம் முழுசாகத் தெளியவில்லை. ‘‘எல்லாம் சரி மாமா... ஆபீஸ்ல என்ன ப்ராஸஸர்னு கேப்பாங்களே?’’

‘‘வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கேமை ஆடிக் காட்டு. டப்பாவைக் காட்டாதே.’’

*

அப்படியானால் அந்த எக்ஸ்3டி வெறும் ஜம்பமா? இல்லவே இல்லை. ப்ராஸஸருக்குள்ளேயே ‘கேஷ்’ என்று ஒரு சின்ன ஸ்டோர் ரூம் உண்டு. வேண்டிய தகவல் அங்கே இல்லையென்றால், ராம் என்கிற தூரத்து கோடவுனுக்கு ஓட வேண்டும். ஏ.எம்.டி. 2022-ல் விட்ட 5800 எக்ஸ்3டி-யில் இந்த ஸ்டோர் ரூம் மேல் மாடி கட்டி 32 மெகாபைட்டை 96 ஆக்கினார்கள். கேம்கள் துள்ளின. 2024 நவம்பரில் வந்த 9800-ல் அந்த மாடியைக் கீழ்த்தளமாக மாற்றி, சூடு சுலபமாக மேலே கூலருக்குப் போக வழி செய்தார்கள். உங்களிடம் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரும் நல்ல கார்டும் இருந்து, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போட்டி ஆடுகிறீர்கள், அல்லது ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் அது வாங்கத் தகுந்த வஸ்து. பதினாறு கோர் வேண்டுமா என்றால், கேமுக்கு ஆறிலிருந்து எட்டு போதும். பதினாறு, வீடியோ எடிட்டிங் செய்து சம்பாதிக்கிறவருக்கு.

*

ஜாதகம் என்றேனே, பொருத்தம் பார்க்க வேண்டாமா? ப்ராஸஸரும் மதர்போர்டும் சேர சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 12, 13, 14 என மூன்று தலைமுறையைத் தாங்கியது. 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851 என்று புது சாக்கெட், அதாவது புது போர்டு. ஏ.எம்.டி. பக்கம், 2017-ல் வாங்கிய ஏ.எம்.4 போர்டுகள் பலவற்றில் பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-ன் 5800 எக்ஸ்3டி-யை உட்கார வைக்க முடிந்தது. ஏ.எம்.5-ஐ 2027 வரையிலாவது ஆதரிப்போம் என்று 2024-ல் சொன்னார்கள். சம்பளக்காரனுக்கு இது முக்கியம். இன்று சின்னது, நாலு வருஷம் கழித்து அதே போர்டில் பெரியது.

வால் எழுத்துகளையும் பாருங்கள். இன்டெல்லில் ‘கே’ என்றால் வேகத்தை முறுக்கிக்கொள்ள அனுமதி உண்டு. இரண்டு கம்பெனியிலும் ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை குறையும். ஆனால் கார்டு என்றைக்காவது படுத்துக்கொண்டால் திரையில் அமாவாசை.

குணதோஷமும் உண்டு. 1994-ல் பென்டியம் ப்ராஸஸர் சில வகுத்தல் கணக்குகளில் தப்பு விடை சொல்லி, இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரைச் செலவில் எழுதியது. 2024-ல் அதே கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராஸஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி நாளடைவில் நிலைகுலைந்தன. கேம் நடுவில் அப்படியே நின்றுபோகும். திருத்தம் வெளியிட்டார்கள், வாரண்டியை மேலும் 2 வருஷம் நீட்டினார்கள். அந்தத் தலைமுறையை வாங்கினால் முதல் வேலை பயாஸ் அப்டேட். செகண்ட் ஹேண்டில் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

நம் ஊர் மே மாசத்தையும் மறக்கக் கூடாது. 95 டிகிரியைத் தொட்டால் ரைசன் 7600 தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏ.சி. இல்லாத மாடி அறையில் ஆடுகிறவர் கூலருக்கும் காற்றோட்டமான கேபினெட்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குவது, பெரிய நம்பர் வாங்குவதைவிட லாபம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் எங்காவது ஒரு குரல் கேட்கும். ‘‘பில் வேணாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம் சார்.’’ 18 பர்சென்ட், ஆசை வரத்தான் செய்யும். பில் இல்லாமல் நாளைக்கு வாரண்டி கேட்டுப் போய் நின்றால் அதே குரல், ‘‘எங்க கடைலயா வாங்கினீங்க?’’ என்று கேட்கும். சீல் பிரிக்காத பாக்ஸ் ப்ராஸஸருக்குக் கம்பெனியின் 3 வருஷ வாரண்டி உண்டு. ‘ட்ரே’ என்று டப்பா இல்லாமல் கொடுப்பதற்குக் கடைக்காரர் வாக்குத்தான் வாரண்டி.

கடைசியாக ஒரு குரல் வரும். ‘‘இப்ப வாங்காதே மச்சி, இன்னும் ரெண்டு மாசத்துல புதுசு வருது!’’ இது என்றைக்குச் சொன்னாலும் ஏறக்குறைய உண்மையாகத்தான் இருக்கும். அதைக் கேட்டுக் காத்திருக்கிறவர் ரிடையராகும் வரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாலிடேர் ஆடிக்கொண்டிருப்பார்.