கர்ணனுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் வீட்டு நாட்காட்டியில், கார்த்திகை முடிகிற வாரத்தில் ஏதாவது ஒரு தாளின் அடியில் அந்த வரி வந்துவிடும்: ‘கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை.’ தாளைக் கிழித்த கையோடு சித்தப்பாவிடமிருந்து போன் வரும். “படிச்சியா? இனிமே ஒரு சொட்டு விழாது. அரையாண்டு லீவுக்கு டிக்கெட்டைப் போடு.” அவர் ஒருவர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். வேன் பிடித்துக் கொடுப்பவர், லாட்ஜ் மேனேஜர், பக்கத்து வீட்டு ஐயப்பசாமி என்று எல்லோருக்கும் இதே பாட்டு. இருபது வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கார்த்திகை முடிவது டிசம்பர் நடுவில். நாம் மூட்டை கட்டுவது மார்கழியில். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போகி எல்லாமே அதற்குள்தான். வானிலைத் துறையின் கணக்கில் வடகிழக்குப் பருவமழைக் காலம் டிசம்பர் 31 வரை. பழமொழி சொன்னவருக்குப் பதினைந்து நாள் அவசரம்.

“பெரியவங்க அனுபவத்துல சொன்னது” என்பார்கள். டிசம்பரில் அக்டோபர், நவம்பர் அளவுக்கு மழை பெய்யாது, உண்மைதான். அதற்காகக் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிடுமா? சம்பளம் குறைவு என்பவரிடம் சம்பளமே இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

“எப்பவோ ஒரு தடவை வந்திருக்கும்.” எப்பவோவா? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும், அங்கே போய்க்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சரையும் கடல் கொண்டுபோனது மார்கழியில். 2011 டிசம்பர் 30 அன்று, புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தானே புயல் கடலூரில் கரையேறிப் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அதுவும் மார்கழிதான். 2021 பொங்கலுக்குத் தாமிரபரணியில் வெள்ளம். டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீரில் படுத்தது. பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்குப் போய்விடும், மார்கழியானாலும் சரி. ரயில்வேக்காரர்கள் பழமொழி படிப்பதில்லை போலும்.

இதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு ஸ்ரீவைகுண்டம் ஒன்று போதும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. பழமொழிப்படி மழை முந்தின நாளே விடைபெற்றிருக்க வேண்டும். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் கிளம்பியது. பையில் இலை விபூதியும் கருப்பட்டியுமாக ஏறத்தாழ எண்ணூறு பேர். ஸ்ரீவைகுண்டத்தோடு வண்டி நின்றுவிட்டது. அதற்கப்பால் வெள்ளம் ஜல்லியையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் துணி காயப்போடுகிற கொடி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள், ஐந்நூறு பேர் இருக்கும், ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர். மீட்க ஆள் வந்து சேர்ந்தது 19ஆம் தேதி.

18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தமிழ்நாட்டுக்கு மூன்று மாதப் பருவமழையின் சராசரியே சுமார் 44தான். காயல்பட்டினத்துக்காரரிடம் போய்க் கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்று சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வாருங்கள், பார்ப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டரில் பொட்டலம் வருவதற்கு முன்னால், அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்டது பக்கத்து ஊர் ஜனங்கள். தங்கள் வீட்டு வாசலிலும் தண்ணீர் நிற்கும்போது, அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். கர்ணனுக்குப் பின் கொடை இல்லையாம்! ஒரே ஸ்டேஷனில் பழமொழியின் இரண்டு பாதியும் நனைந்து போயின.

கார்த்திகையோடு மழை முடிந்தது என்பது, சென்னையில் வெயில் அடித்தால் தமிழ்நாடு முழுக்க வெயில் என்று நினைப்பதால் வருகிற வினை. மார்கழியில் மழை ஊரைவிட்டுப் போவதில்லை, தெற்கே நகர்கிறது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியும் மேலடுக்குச் சுழற்சியும் இலங்கையை ஒட்டி, குமரிக்கடல் பக்கமாக வருவதால் நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் நனைகின்றன. லீவுக்கு நாம் கூட்டம் கூட்டமாகப் போவதும் அங்கேதான்.

“அந்த வானிலைக்காரங்க சொன்னது என்னிக்குப் பலிச்சுது?” இது கடைசி அஸ்திரம். 2023இல் இவ்வளவு பெய்யும் என்று அவர்கள் சொல்லவில்லை என மாநில அரசே குறைபட்டது. 2021 டிசம்பர் 30 அன்று சென்னை திடீரென்று மிதந்தபோதும் கோட்டைதான் விட்டார்கள். சரி, அவர்கள் கோட்டைவிட்டது எதை? மார்கழியில் கொட்டிய மழையை! இதைச் சொல்லிச் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இந்த வருஷமும் திருச்செந்தூர்தான். கிளம்புகிற அன்று காலை அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன். பையில் குடையை வைத்தேன் என்றதும், “கொடை எதுக்குடா?” என்றார். அவர் வாயில் குடையும் கொடைதான். இரண்டு வருஷம் முன்னால் லாட்ஜ் வாசலில் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, டீக்கடை வரைக்கும் போய் வருகிறேன் என்று என் குடையை வாங்கிப் போனார். அது இன்னும் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இது புதுசு.