உள்ளி நோய்க்கு மருந்து விதைச் சாக்கில் இருக்கிறது

கரிசல் காட்டில் ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தால், ஐந்தாம் நாள் எங்கள் பக்கத்து இயற்கை விவசாயிகளிடம் ஒரே கேள்விதான் சுற்றும்: "உள்ளி மஞ்சளடிக்குது, என்ன அடிக்கலாம்?" ஒருவர் பஞ்சகவ்யம் என்பார், ஒருவர் புளித்த மோர் என்பார், இன்னொருவர் டிரைக்கோடெர்மாவைக் கரைத்து ஊத்தச் சொல்வார். இதே கேள்வியை முன்பு உரக்கடையில் கேட்டோம், இப்போது நமக்குள் கேட்டுக்கொள்கிறோம். பாட்டில் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கம் மானாவாரியில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அடியழுகல் நோயின் தலையெழுத்து நடவுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு செய்வதெல்லாம் சேதத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். அடியழுகலுக்குக் காரணம் ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சை. இலை நுனி மஞ்சளாகிக் கீழ்நோக்கிக் காயும். செடியை இழுத்தால் பிடிப்பே இல்லாமல் கையோடு வரும். வேர் பழுத்துக் கறுத்திருக்கும். வேர் புறப்படும் அடித்தட்டு பழுப்பாகி, அதில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருக்கும். இலை சுருண்டு முறுக்கி, கழுத்து நீண்டு நின்றால் அது திருகல் நோய். கோழிக்கால் நோய் என்றும் சொல்வார்கள். அது வேறு பூஞ்சை, மழைத் துளி தெறிப்பில் பரவுவது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பது வயிற்றுவலிக்கும் பல்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது மாதிரி.

அடியழுகல் பூஞ்சை மண்ணில் வருசக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் விழிக்கும். அடித்தட்டு அழுகிப்போன செடிக்குப் பஞ்சகவ்யம் தெளித்தால் அது குடிக்க வேர் எங்கே இருக்கிறது? பஞ்சகவ்யம் பயிருக்குத் தெம்பு தரும். அழுகினதை ஒட்ட வைக்காது. "இயற்கை முறையில் போட்டா நோயே வராது" என்று மேடையில் பேசுவதையும் நாம் நிறுத்த வேண்டும். அதை நம்பி வந்த புது விவசாயி, முதல் அழுகலிலேயே நம்மை விட்டுப் போய்விடுவார்.

நோய் வயலுக்குள் வர பெரிய வாசல் விதை. ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். தை மாசம் எடுத்த உள்ளியைப் புரட்டாசி வரை எட்டு மாசம் வைத்தால் சுருங்கிப்போகும் என்று விற்றுவிடுகிறோம். அப்புறம் விதைப்பு நேரத்தில் வெளி மாவட்டத்துச் சாக்கை, சொன்ன விலைக்கு வாங்குகிறோம். கிலோ 60 ரூபாய் என்றால் 500 கிலோவுக்கு 30,000 ரூபாய். அந்தச் சாக்கு எந்த வயலில் விளைந்தது, அங்கே அழுகல் இருந்ததா என்று கேட்கிறோமா? முப்பது வருசத்துக்கு மேல் வங்கியில் விவசாயக் கடன் மனு பார்த்தவன் நான். விதைச் செலவு எவ்வளவு என்று எழுதப் படிவத்தில் இடம் உண்டு. விதை யார் வீட்டு விதை என்று எழுத இடம் கிடையாது. அந்தக் கேள்வியை விவசாயியேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காப்பீடு இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயால் வரும் நட்டத்துக்குப் பயிர்க் காப்பீடு ஒரு பகுதி முழுவதற்கும் சராசரி விளைச்சலைப் பார்த்துத்தான் இழப்பீடு தரும். உங்கள் புஞ்சையில் மட்டும் உள்ளி அழுகினால் அது கணக்கில் ஏறாது. அந்த நட்டம் முழுக்க நம் தலையில்தான்.

அடுத்த வாசல் தண்ணீர். மானாவாரிக்காரன் ஒவ்வொரு சொட்டையும் நிறுத்தப் பார்ப்பான், அது நியாயம். ஆனால் கரிசல் களிமண்; குடித்த நீரைச் சீக்கிரம் விடாது. பருத்தி தாங்கும், உள்ளி தாங்காது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி மையம் கரிசலுக்கென்றே அகலப்பாத்தி முறையை உருவாக்கியது. ஏறக்குறைய 1 மீட்டர் மேட்டுப்பாத்தி, பக்கத்தில் அரை மீட்டர் சால். மேட்டில் வேர் மூச்சுவிடும், சாலில் மிஞ்சின நீர் வடியும், மழை குறைந்தால் அதே சால் ஈரம் காக்கும். உள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது, பயிர் சுற்று. உள்ளி போட்ட இடத்தில் மூணு நாலு வருசம் உள்ளியும் பூண்டும் வேண்டாம். கம்பு, சோளம், குதிரைவாலி, மக்காச்சோளம் என்று நம்மிடம் பயிருக்கா பஞ்சம்? சித்திரையில் கோடை உழவு போட்டு மண்ணை வெயிலில் காயவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகுதான் டிரைக்கோடெர்மாவுக்கு வேலை. கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 5 கிராம், சூடோமோனாஸ் 5 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விதையில் லேசாக ஈரம் காட்டிப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி நடலாம். மண்ணுக்கு ஏக்கருக்கு இரண்டும் அரை அரை கிலோ, வேப்பம் புண்ணாக்கு 100 கிலோ. டிரைக்கோடெர்மாவும் உயிருள்ள பூஞ்சைதான். அதற்குத் தீனியும் ஈரமும் வேண்டும். மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் பதினைந்து நாள் பெருக்கிப் போட்டால்தான் பலன். வெயிலில் கிடந்த, காலாவதியான பாக்கெட் வெறும் மாவு. தேதி பார்த்து வாங்குங்கள்.

நம் இயக்கத்துக்கு என் யோசனை ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் கரைசல் தயாரிக்கப் பயிற்சி கொடுப்பது போல, விதை வெங்காயத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். கிணறு உள்ள ஒருவர் வைகாசியில் 20 சென்ட் உள்ளி போடட்டும். ஆடிக் கடைசியில் எடுத்து, நிழலில் உலர்த்தி, காற்றோடும் பட்டறையில் வைத்தால் இரண்டே மாசத்தில் விதைப்பு வந்துவிடும். ஏக்கருக்கு 4 டன் என்று குறைத்துப் போட்டாலும் 20 சென்ட்டில் 800 கிலோ. சுருக்கமும் கழிவும் போக, ஒரு ஏக்கருக்கு விதை தாராளம். பாடுபட்டவருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம். எந்த வயல், யார் விளைவித்தது, நோய் இருந்ததா என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த விதை அது.

அதுவரை வெளியில் வாங்குகிறவர்கள், பணத்தை எண்ணும் முன் ஒவ்வொரு சாக்கிலும் கையை ஆழமாக விட்டு இருபது உள்ளியை எடுங்கள். அடியை விரலால் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று உள்வாங்குகிறதா? நறுக்கிப் பாருங்கள், அடித்தட்டு பழுப்பா? ஆமாம் என்றால் அந்தச் சாக்கு வேண்டாம். வியாபாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். விதைப்பது நம் மண்ணில்.