சட்டம் கொடுத்த பங்கை பத்திர ஆபீஸ்ல பறிகொடுக்கலாமா?

தோழர்களே,

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. ஆணுக்கு இருக்கும் சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 வருஷம் ஆச்சு. 1989-ல் கலைஞர் தலைமையிலான அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே பங்கை மகளுக்கும் கொடுத்தது. 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்கள் மட்டும் அதில் விடுபட்டார்கள். 2005-ல் அந்த உரிமை நாடு முழுக்க வந்தபோது அந்தக் குறையும் நீங்கியது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்த சொத்துகளை மட்டும் அந்தச் சட்டம் தொடாது.

சட்டம் தெளிவா இருக்கு. நம்ம வீடுகள்ல என்ன நடக்குது?

அப்பாவின் காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த மாசமே அக்கா தங்கச்சியைக் காரில் ஏற்றி சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். பத்திர எழுத்தர் ‘விடுதலைப் பத்திரம்’ தயாராக வைத்திருப்பார். "எங்களுக்குப் பங்கு வேண்டாம்" என்று அவர்கள் கைநாட்டு வைக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டவும் ஆள் இருக்காது. கேட்டால், "சீர் செஞ்சாச்சே, நகை போட்டாச்சே" என்பார்கள். போட்ட நகை யார் வீட்டு பீரோவில் இருக்கு? அதில் எத்தனை பவுன் புருஷன் வீட்டுக் கடனுக்கு அடகுக்குப் போச்சு? சீர் என்பது கல்யாணச் செலவு. பங்கு என்பது பிறப்புரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது.

கையெழுத்துப் போட மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயத்தில்தான் பெரும்பாலான பெண்கள் போடுகிறார்கள். மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரம் வாங்குகிறவர் நம் கொள்கையைப் பேசத் தகுதி உள்ளவரா? நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு விஷயம். நீங்களே சம்பாதித்து வாங்கிய வீடு உங்களுக்குப் பின் யாருக்குப் போகும் தெரியுமா? கணவரும் பிள்ளைகளும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். பெற்ற தாய் தகப்பனுக்கு அதற்குப் பிறகுதான் இடம். 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இது. கல்யாணமான சில மாதத்திலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண்ணைப் பெற்றோர்தான் படிக்க வைத்தார்கள். அவர் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம், அவர் இறந்த பின் அவரை வளர்த்த தாய்க்குக் கிடைக்கவில்லை. கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. சட்டத்தின் இந்தப் பிரிவு மாற வேண்டும், அதற்கான குரல் நாடாளுமன்றத்தில் ஒலிக்க வேண்டும். அது மாறும்வரை உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் உயில்தான்.

உயில் பணக்காரர்கள் சமாச்சாரம்னு நினைக்காதீங்க.

▪️ வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்து யாருக்குப் போகிறதோ அவர் சாட்சியாக வேண்டாம்.

▪️ பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்து வைத்தால் பின்னால் "இது அவர் கையெழுத்தே இல்லை" என்ற சண்டை குறையும்.

▪️ எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

▪️ பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம். மகளின் பங்கைச் சேர்த்து மகனுக்கு எழுத உங்களுக்கு உரிமை கிடையாது.

▪️ இஸ்லாமியத் தோழர்களுக்கு உயில் வரம்பு பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

▪️ வங்கிக் கணக்கில் நாமினி போட்டால் போதும் என்று இருக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

▪️ மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டில், அந்தப் பிள்ளையின் பராமரிப்புக்காக ஒரு தனியார் டிரஸ்ட் அமைப்பது நல்லது. வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க, இல்லைன்னா பின்னாடி வரி கட்டணும்" என்று பெரியவர்களைப் பயமுறுத்தி செட்டில்மென்ட் வாங்குகிறார்கள். நம்பாதீர்கள். இறந்தவர் சொத்துக்கு இருந்த எஸ்டேட் வரி 1985-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. உயில் மூலம் வரும் சொத்துக்கு வாங்கும்போது வருமான வரி கிடையாது. பின்னால் விற்றால்தான் லாபத்துக்கு வரி. செட்டில்மென்ட் பதிந்தால் சொத்து அன்றே கைமாறிவிடும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அதை மீறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி சொத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நேர்மையான வழியும் இருக்கு. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்தியது. அடுத்த மனையை மகள் பெயரில் வாங்குங்கள்.

தோழர்களே, இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அக்கா தங்கச்சி பெயர் எங்கே விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். 60 வருஷம் போராடி வாங்கிய உரிமை, ஒரு கைநாட்டில் போகக் கூடாது.

#மகளுக்கும்_சமபங்கு