ஏழு பெரிதா, ஒன்பதரை பெரிதா?

கார் வாங்கப் போகிறவர் விலையில் ஐயாயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லி அரை நாள் வாதாடுவார். வட்டி என்று வந்ததும், ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் கடன் ஏஜெண்டு சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். தாராவியிலும் செம்பூரிலும் பாடுபட்டுச் சேர்த்து முதல் கார் வாங்கும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

வங்கி ஒன்பதரை சதவீதம் என்கிறது. ஏஜெண்டு ஏழு என்கிறார். ஏழுதானே குறைவு? இல்லை. ஏஜெண்டு சொல்வது ‘பிளாட்’ வட்டி. ஐந்து லட்சம் கடனுக்கு ஆண்டுக்கு 35,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு வட்டி 1,75,000 ரூபாய். மாதத் தவணை 11,250. அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டி குறைவதில்லை. கடைசி ஆண்டில் பாக்கி நிற்பது லட்சத்துச் சொச்சம். வட்டியோ முழு ஐந்து லட்சத்துக்கு!

குறைந்து வரும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் வங்கியில், ஒன்பதரை சதவீதத்துக்குத் தவணை சுமார் 10,500 ரூபாய்தான். ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 45,000 ரூபாய் மிச்சம். அதே கணக்கில் பார்த்தால் ஏஜெண்டின் ‘ஏழு’ உண்மையில் பன்னிரண்டரை.

ரிசர்வ் வங்கி இதற்கு வழி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குப் புதிதாகத் தரும் இத்தகைய கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று கொடுத்தாக வேண்டும். வட்டியோடு பரிசீலனைக் கட்டணம், கடனுடன் வசூலிக்கும் காப்பீடு எல்லாம் சேர்த்து, ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று அதில் காட்ட வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தைக் கடன்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கக் கூடாது. கார் கடன் போன்றவற்றில் அந்த நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, அறிக்கை கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதை விளக்கியும் சொல்ல வேண்டும். மும்பையில் தமிழில் கேட்டால் ஏஜெண்டு சிரிக்கலாம். சிரிக்கட்டும். கேட்பது சலுகையல்ல, உரிமை. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார்கள்.

இரண்டு மூன்று இடங்களில் அறிக்கை வாங்கி, அந்த மொத்தச் சதவீதத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடன் மதிப்பெண் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெற முடியும். மதிப்பெண் நன்றாயிருந்தால் வட்டியைக் குறைக்கச் சொல்லவும் வாய் இருக்கும். இத்தனையும் ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டும். கட்டிய பிறகு பேரம் பேச யாரும் காது கொடுப்பதில்லை.