‘தரலாம்’ என்று இருந்ததையும் எடுத்துவிட்டார்கள்!

  

கொரோனா போய்விட்டது, அந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நோய் போயிருக்கலாம். அன்று ஏறிய கடன் போகவில்லை. அடுத்த ஆபத்து வரும்போது நம்மைக் காப்பாற்ற சட்டத்தில் இருந்த ஒரு பிரிவும் இன்று இல்லை. அதனால்தான் பேசுகிறோம்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. மிளகு பறித்துக் காயவைத்த நேரம். விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று மார்ச் 27-ல் டெல்லியில் இருந்து உத்தரவு வந்தது. உத்தரவு வந்து என்ன செய்ய? வாங்குகிற வியாபாரி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால்தானே நம் சரக்குக்கு விலை? ஏற்காட்டுக்கு சுற்றுலாக்காரர் வரவில்லை. 2020-லும் கோடை விழா இல்லை, 2021-லும் இல்லை. ரோட்டோரம் பலாவும் கொய்யாவும் கூறு கட்டி விற்ற பெண்கள் வெறும் கையோடு வீடு திரும்பினார்கள்.

நம்மை வீட்டுக்குள் உட்கார வைத்தது எந்தச் சட்டம்? 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை என்று அதன் 51-வது பிரிவு சொல்கிறது. இது எல்லோருக்கும் தெரியும், போலீஸ்காரர் தெருவுக்குத் தெரு சொன்னார். அதே சட்டத்தில் 12, 13 என்று இன்னும் இரண்டு பிரிவுகள் இருந்ததை யார் நமக்குச் சொன்னார்கள்?

பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம், விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் தனி ஏற்பாடு, உயிர் போனால் நிவாரணம், பிழைப்பை மீட்க உதவி என்று குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்க ‘வேண்டும்’ என்றது 12-வது பிரிவு. கடுமையான பேரிடரில், வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவதில் சலுகையும், சலுகை விதிகளில் புதுக்கடனும் தரும்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரை செய்ய‘லாம்’ என்றது 13-வது பிரிவு.

‘வேண்டும்’ என்பதற்கும் ‘லாம்’ என்பதற்கும் எத்தனை தூரம் பாருங்கள்!

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த ‘வேண்டும்’ என்பதை ‘லாம்’ என்றே படிக்க வேண்டும் என்று மத்திய அரசு வாதாடியது. 2021 ஜூன் 30-ல் தீர்ப்பு வந்தது: ‘வேண்டும்’ என்றால் வேண்டும்தான், ஆணையம் தன் கடமையைச் செய்யத் தவறிவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகுதான் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. சட்டத்தில் அந்த ஒரு சொல் இருந்ததால் ஏழைக்கு வாசல் திறந்தது.

கடன் விஷயத்தில் என்ன நடந்தது? தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. வட்டிக்கும் வட்டி ஏறியது. அந்த வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தர அக்டோபரில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. வீட்டுக்கடனுக்கு உண்டு, கார் கடனுக்கு உண்டு, கிரெடிட் கார்டு பாக்கிக்குக்கூட உண்டு. பயிர்க்கடனுக்கும் டிராக்டர் கடனுக்கும் கிடையாது! யாருக்கும் வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த ஓரவஞ்சனை தீர்ந்தது. முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

2021 பிப்ரவரி 5-ல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. வரவேற்றோம். ஆனால் கூட்டுறவில் கடன் வாங்க சிட்டா, அடங்கல் வேண்டும். பட்டா இல்லாத மலைவாசி என்ன செய்வான்? வியாபாரியிடம் முன்பணம், குழுக்கடன், வட்டிக்கடை. அந்தக் கடனுக்குத் தள்ளுபடி ஏது? தேர்தல் நெருங்கும்போது வருவது தயவு. தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவதுதான் உரிமை.

இப்போது முக்கியமான சேதி. 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போயின. நம்மைப் போல காபியும் மிளகும் நம்பிப் பிழைத்த மாவட்டம் அது. வீடும் தோட்டமும் போனவர்களின் வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்யக்கூடாதா என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டது. 13-வது பிரிவையே 2025 திருத்தச் சட்டத்தில் நீக்கிவிட்டோம், பரிந்துரை செய்ய ஆணையத்துக்கு இனி அதிகாரம் இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது.

கேட்டீர்களா நியாயத்தை? ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்றுங்கள் என்று நாம் கேட்க வேண்டிய நேரத்தில், ‘லாம்’ என்பதையே துடைத்துவிட்டார்கள். ஏழையை அடைக்கும் 51-வது பிரிவு பத்திரமாக இருக்கிறது!

வயநாடு வேறு, நம் மலை வேறு இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையிலும் மண் சரிந்தது. நாளை நோய் வரலாம், மண் சரியலாம். அன்றைக்கு ஓடி மனு எழுதினால் ஆகாது. வெள்ளம் வரும் முன் அணை போட வேண்டும்.

நமது கோரிக்கைகள்:

1. நீக்கிய 13-வது பிரிவை மீண்டும் சேர்! ‘பரிந்துரைக்கலாம்’ என்பதை ‘பரிந்துரைக்க வேண்டும்’ என்று மாற்று!

2. பேரிடர் அறிவித்த நாள் முதல் பயிர்க்கடன், குழுக்கடன், தனியார் நிதி நிறுவனக் கடன் எல்லாவற்றுக்கும் தவணையோடு வட்டியையும் நிறுத்து!

3. பட்டா இல்லாதவர், குத்தகை விவசாயி, எஸ்டேட் தொழிலாளி அனைவருக்கும் நிவாரணம் வழங்கு!

4. பாதை அடைபட்டால் காபி, மிளகு, பழங்களை அரசே மலைக்கு வந்து கொள்முதல் செய்!

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். இந்த நான்கையும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதிய பிறகு, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்களா, ‘லாம்’ என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்!

ஒன்றுபடுவோம்! உரிமையை மீட்போம்!