வந்தவர்களால் ஆன ஊர்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ளூர்க்காரர் யார் என்று விசாரிக்கப் போனால், விடை கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ராஜாவின் அரண்மனையை ஒட்டி, 1568-ல் எழுந்த யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம். கோவாவில் போர்ச்சுக்கீசியரின் மதக் கெடுபிடிக்குத் தப்பி வந்த கொங்கணிகளுக்குச் செர்லாயில் திருமலை தேவஸ்வம் கோயில். மிளகும் சுக்கும் வாங்க வந்து அப்படியே தங்கிவிட்ட குஜராத்திகளுக்கு ஒரு தெரு, கட்ச் மேமன்களுக்கு ஒரு பள்ளிவாசல். தமிழ் பிராமணர், துளுவர், தக்கினி பேசும் முஸ்லிம்கள் என்று நடந்தே சுற்றிவிடக்கூடிய பரப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள். நடுவில் மலையாளிகளும் இருக்கிறார்கள்!

பக்கத்திலேயே, ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில் ஒரு சலவைத் துறை உண்டு. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்புகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ். அங்கே துணி காயப்போடும் கொடிக்கு கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். கடற்காற்று எப்படி அடித்தாலும் வேட்டி பறக்காது. டச்சுக்காரர்கள் 1795-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். துவைக்க வந்தவர்கள் போகவில்லை.

இதைப் படித்துவிட்டு, வந்தாரையெல்லாம் வாழவைத்த பொன்னான ஊர் என்று யாரும் உருகிவிட வேண்டாம். வணிகம் பெருகும், வரி வரும் என்பதால்தான் ராஜாக்கள் இடம் கொடுத்தார்கள். 1791-ல் சக்தன் தம்புரான் ஆட்சியில் கொங்கணி வணிகர்கள் சிலர் கொல்லப்பட்டு, அவர்கள் சொத்து சூறையாடப்பட்டது. மற்றவர்கள் சாமி விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு திருவிதாங்கூர் பக்கம் ஓடினார்கள். அந்த விக்கிரகம் கொச்சிக்குத் திரும்ப அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்தவர்களும் தங்களுக்குள் சமத்துவம் பார்த்தவர்கள் இல்லை. பரதேசி ஜெப ஆலயத்தில் 'வெள்ளை யூதர்'களுக்குச் சமமாக உட்கார மற்ற யூதர்களை விடவில்லை. ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் அதற்காக அங்கேயே சத்தியாகிரகம் இருக்க வேண்டி வந்தது. இஸ்ரேல் உருவான பிறகு யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். அவர்கள் இருந்த தெருவில் இன்று காஷ்மீரிகள் சால்வை விற்கிறார்கள். ஊர் தன் வழக்கத்தை விடவில்லை.

இன்றைய கேரளத்துக்கு வருவோம். அங்கே வேலை செய்யும் வெளிமாநிலத்தவர் 2017-18-ல் சுமார் 31 லட்சம் என்று அந்த மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு மதிப்பிட்டது. முன்பு இந்த இடத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். இப்போது வங்காளம், அசாம், ஒடிசா, பீகார். காரணம் ஒன்றும் மர்மமில்லை. ரிசர்வ் வங்கியின் 2021-22 கணக்குப்படி கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 837 ரூபாய், மத்தியப் பிரதேசத்தில் 266 ரூபாய். மூன்று மடங்குக்கு மேல் கூலி என்றால் யார்தான் ரயிலேற மாட்டார்கள்? இந்தப் பக்கம் மலையாளி இளைஞர் வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார். பெரும்பாவூர் பிளைவுட் ஆலையில் மரம் தூக்கவும், கொச்சி அடுக்குமாடிகளில் கம்பி கட்டவும், ஹோட்டலில் பரோட்டா வீசவும் ஆள் வேண்டுமே.

'நம் பணமெல்லாம் வெளியே போகிறது' என்பது கேரளத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல். போகத்தான் செய்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆண்டுக்கு 17,500 கோடி ரூபாய் ஊருக்கு அனுப்புவதாகத் திருவனந்தபுரத்தின் குலாட்டி நிதி நிறுவனம் 2013-ல் கணக்கிட்டது. கேரள இடப்பெயர்வு ஆய்வு 2023 இன்னொரு கணக்கைச் சொல்கிறது: வெளிநாட்டில் இருக்கும் சுமார் 22 லட்சம் மலையாளிகளிடமிருந்து வந்த பணம் 2.16 லட்சம் கோடி. மகன் துபாயிலிருந்து அனுப்பினால் பாசம், வங்காளத்து முர்ஷிதாபாத்காரர் தன் அம்மாவுக்கு அனுப்பினால் கசிவு என்று பேசுவது எந்த ஊர் நியாயம்?

வந்தவர்களால் உள்ளூர்க்காரரின் கூலி குறைகிறதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. தள்ளிவிட முடியாது. 1980-ல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவின் மயாமிக்கு வந்து இறங்கினார்கள். நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை ஒரே மூச்சில் 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க்காரர் கூலியில் இதனால் பெரிய பாதிப்பு இல்லை என்று பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு 1990-ல் எழுதினார். 2021-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்னொரு பொருளாதார அறிஞரான ஜார்ஜ் போர்ஹாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிப் படிப்பைக் கூட முடிக்காத உள்ளூர்த் தொழிலாளிக்குப் பலத்த அடி விழுந்தது என்றார். இத்தனைக்கும் போர்ஹாஸே கியூபாவிலிருந்து வந்து குடியேறியவர். அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.

நமக்குத் தோன்றுவது இது: வெளியூர் ஆளுக்கு இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரர் தப்ப முடிகிற ஊரில் உள்ளூர்க்காரரின் கூலியும் நிற்காது. வந்தவரைத் துரத்தினால் அது சரியாகாது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கறாராகக் கேட்டால்தான் சரியாகும். மட்டாஞ்சேரிக்கு இதுவும் தெரியும். அங்கே துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோகச் சில்லுகளை வீசுவார்கள். முட்டிமோதிப் பொறுக்கியவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவர்களுக்குப் பட்டினி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் இந்தக் கதைதான். இன்று யாரும் சில்லு வீசுவதில்லை. விடிகாலை நாற்சந்தியில் தூக்குவாளியோடு நிற்பவர்களைப் பார்த்து வண்டியிலிருந்து விரல் நீட்டுகிறார்கள். "நீ வா, நீ வா."

கேரளம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மலையாளம் கற்றுத்தர 'சங்ஙாதி', எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகளுக்காக 'ரோஷ்ணி', மருத்துவக் காப்பீடு என்று திட்டங்கள் உண்டு. 'அதிதி', அதாவது விருந்தாளித் தொழிலாளி, என்றுதான் அரசு அவர்களை அழைக்கிறது. ஆனால் விருந்தாளி ஓர் அறையில் பத்துப் பேரோடு படுக்கிறார். எங்கோ ஒருவர் குற்றம் செய்தால் அவருடைய மாநிலத்தார் அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது.

நாம் விரல் நீட்டவும் இடமில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. செய்தி பொய். ஆனால் மிரண்டுபோய் ஊருக்கு ரயிலேறியவர்களின் பயம் நிஜம். 'வடக்கன்' என்று சமூக ஊடகங்களில் நாம் அடித்த கிண்டல்கள் அந்தப் பயத்துக்கு ஏற்கெனவே உரம் போட்டிருந்தன. இத்தனைக்கும், இலங்கைத் தோட்டங்களில் உழைக்கப் போன தமிழர்களின் குடியுரிமையை 1948-ல் பறித்தார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். உழைத்த ஊரே 'நீ யார்' என்று கேட்டால் எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்காக 1979-ல் வந்த சட்டம், ஒப்பந்ததாரர் அழைத்து வந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. தானாக ரயிலேறி வந்தவர் ஏட்டில் ஏறவில்லை. 2020 ஊரடங்கில் யார், எங்கே, எத்தனை பேர் என்று தெரியாமல் மாநிலங்கள் கை பிசைந்தது அதனால்தான். திருப்பூரிலும் கோவையிலும் சென்னைப் புறநகரிலும் வேலை செய்பவர்களை வார்டு வாரியாகப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியை ஆய்வு செய்ய அதிகாரிகளை நேரடியாகக் கட்டடங்களுக்கு அனுப்ப வேண்டும். தமிழக அரசிடம் நாம் கேட்பது இந்த மூன்றும்தான்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் வீட்டு வேலையில் சித்தாளாக நிற்கும் ஒடிசாப் பையனுக்கு, மேஸ்திரி உங்களிடம் வாங்கும் கூலியில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று இந்த வாரம் அந்தப் பையனிடமே கேட்டுப் பாருங்கள்.