தொகைச்சொல் அழுத்தமும் 'அசை' என்னும் கலைச்சொல்லும்

ஆங்கிலத் தொகைச்சொற்களின் ஒலிப்பைத் தமிழில் விளக்க முற்படும்போது முதலில் இடறுவது 'அசை' என்னும் கலைச்சொல்லே. 'சிலபிள்' என்பதற்கு ஈடாக இச்சொல்லை ஆளும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் யாப்பு கூறும் அசையும் அதுவும் ஒன்றல்ல. 'மழைநீர்' யாப்பில் நிரையும் நேருமாக ஈரசை பெறும்; ஒலியியலிலோ ம-ழை-நீர் என மூன்றாகும். 'ஒலியசை' என வேறு பெயர் தருதலே தெளிவு பயக்கும்.

பிரிக்கும் முறையும் கருதத்தக்கது. 'நைட்ரேட்' வேதிப்பொருளைக் குறிக்கையில் டகர ஒலி இரண்டாம் ஒலியசையின் தொடக்கமாகும். இரவுக் கட்டணத்தைக் குறிக்கையில் முதற்சொல்லின் இறுதியாக நிற்கும். ஆகவே சொல்லெல்லையில் பிரித்த பின்னரே ஒலியசைகளாகப் பகுத்தல் வேண்டும். பொருள் நோக்காது ஓசைக்காகச் சொல்லைப் பிளக்கும் வகையுளியை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

அழுத்தம் இதனினும் நுட்பமானது. 'லைட்ஹவுஸ்கீப்பர்' என்பதில் முதன்மை அழுத்தம் 'லைட்' மீது விழின் கலங்கரை விளக்கக் காவலர். 'ஹவுஸ்' மீது விழின் எடை குறைந்த வீட்டுப் பராமரிப்பாளர். எழுத்து ஒத்திருந்தும் இசையால் பொருள் திரியும் புணர்ச்சியைத் தொல்காப்பியப் புணரியல் சுட்டுகிறது. உரையாசிரியர்கள் 'செம்பொன்பதின்றொடி'யை எடுத்துக்காட்டுவர். பொன் பத்தா, செம்பு ஒன்பதா என்பது விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் சிறிய வேறுபாடன்று! எனினும் ஒப்புமை அவ்வளவில் நிற்க வேண்டும். தமிழில் பொருளைப் பிரித்துக் காட்டுவது இசையறுப்பு. ஆங்கிலத்தில் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வு. ஆங்கில அழுத்த விதியைத் தொல்காப்பியர் முன்னரே கூறிவிட்டார் எனப் பெருமை கொள்வது ஆய்வாகாது.

தொகையில் பொருள் நிற்கும் இடத்தைக் கொண்டு அழுத்தத்தைத் துணிவதும் பொருந்தாது. 'பிளாக்பேர்டு' ஒரு பறவையினம். பொருள் பின்மொழியில் நிற்க, அழுத்தம் முன்மொழியில் விழுகிறது. சோம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட நூல் இம்முன்மொழி அழுத்தத்தைத் தொகைக்குரிய விதியாக வகுத்தது. வழக்கோ விதிக்குள் முழுதும் அடங்கவில்லை. 'ஆப்பிள் கேக்' முன்மொழி அழுத்தம் பெற, 'ஆப்பிள் பை' பின்மொழியில் பெறுகிறது. தெருப்பெயர்களிலும் 'ஸ்ட்ரீட்' என முடிவன முன்மொழியிலும், 'அவென்யூ' என முடிவன பின்மொழியிலும் அழுத்தம் கொள்ளும். எனவே ஆங்கிலம்-தமிழ் அகராதியில் தமிழ் எழுத்தால் ஒலிப்புக் காட்டுவோர், முன்னுரையில் பொதுவிதி ஒன்றைக் கூறி அமையாமல், ஒவ்வொரு தொகைச்சொல்லுக்கும் அழுத்தக்குறி இடுதல் வேண்டும்.